நாய்க்கூண்டு பழக்குவது எப்படி? கதவைக் கடைசியில் மூடுங்கள்

குட்டி வீட்டுக்கு வந்த அன்று இரவே அதைக் கூண்டுக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள் பலர். விடிய விடியக் கத்துகிறது. "இதுக்கெல்லாம் கூண்டு ஒத்துவராது" என்று மறுநாள் முடிவு கட்டிவிடுகிறார்கள். கதவைப் பூட்டுவது கடைசிப் பாடம். அதை முதல் நாளே நடத்தினால் எந்த நாயும் கத்தத்தான் செய்யும்.

படி 1: அளவு

தலை குனியாமல் நிற்கவும், சுற்றித் திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, சுமார் 10 செ.மீ. கூட்டுங்கள், அது நீளம். உயரத்துக்கும் அதே கணக்கு: நிற்கும்போது தரையிலிருந்து தலை உச்சி வரை அளந்து கூட்டுங்கள். வளரும் குட்டி என்றால் பெரிய கூண்டாக வாங்கி, நடுவில் தடுப்பு வைத்துக்கொள்ளலாம். இடம் அதிகமாக இருந்தால் ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு மறு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

படி 2: வைக்கும் இடம்

வீட்டார் புழங்கும் அறையில் ஓர் ஓரமாக வையுங்கள். வெயில் விழும் ஜன்னலோரம் கூடாது. நாய் தன் உடல் சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்கிறது. காற்றோட்டம் இல்லாவிட்டால் அதுவும் பலிக்காது. மேலே துணி போர்த்தினாலும் காற்று வர வழி விடுங்கள்.

படி 3: திறந்த கதவு

இங்கேதான் பொறுமை வேண்டும். கதவு ஆடி நாய்மேல் இடிக்காதபடி கட்டி வையுங்கள். உள்ளே மெத்தென்ற விரிப்பு போட்டு, அதற்குப் பிடித்த தீனியை வாசலருகே வையுங்கள். எடுத்துக்கொண்டு ஓடினால் ஓடட்டும். அடுத்த முறை கொஞ்சம் உள்ளே, பிறகு கடைசி மூலையில். தானாக நுழையத் தொடங்கியதும் வேளைச் சாப்பாட்டையும் உள்ளேயே கொடுங்கள். தூக்கி உள்ளே விடுவதோ பின்னாலிருந்து தள்ளுவதோ கூடாது. சில நாய்களுக்கு இதற்கு இரண்டு நாள் போதும், சிலவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். செருப்பைக் கடித்ததற்குத் தண்டனையாக ஒரே ஒரு தடவை உள்ளே அடைத்தாலும், அதுவரை பழக்கியது வீணாகலாம்.

படி 4: மூடிய கதவு

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மூடி, முடிக்கும் முன்பே திறந்துவிடுங்கள். பிறகு சில நொடிகள், சில நிமிடங்கள். அதன்பின் அறையை விட்டு வெளியே போய்த் திரும்புங்கள். பதறினால் நேரத்தைக் குறைத்து முந்தைய கட்டத்துக்குப் போங்கள். "கத்திக் கத்தி ஓயட்டும்" என்ற அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. ஓய்ந்துபோன நாய் பழகிவிட்டது என்று சொல்ல முடியாது. இரவில் குட்டி முனகினால் வெளியே கூட்டிப்போய்ச் சிறுநீர் கழிக்க விட்டு, விளையாட்டுக் காட்டாமல் திரும்பப் படுக்க வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் உள்ளே விடும் முன் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். அது கம்பியில் மாட்டிக்கொண்டால் கழுத்தே நெரிபடும். ஆளில்லாதபோது சிறு துண்டுகளாக உடையும் பொம்மையும் உள்ளே வேண்டாம்.

எவ்வளவு நேரம்?

வயதை மாதத்தில் எண்ணி ஒன்று கூட்டுங்கள்: 3 மாதக் குட்டி அதிகபட்சம் 4 மணி நேரம் சிறுநீரை அடக்கும். இது உச்ச வரம்பு. பகலில் அதற்கும் முன்பே திறப்பது நல்லது. வளர்ந்த நாயையும் பகலில் தொடர்ந்து நாலைந்து மணி நேரத்துக்கு மேல் பூட்டி வைக்காதீர்கள். நாள் முழுக்க வேலைக்குப் போகிறவர்களுக்குக் கூண்டு தீர்வே இல்லை. சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் வீட்டில் நாயை இப்படி அடைத்து வைக்கச் சட்டமே பொதுவாக இடம் தருவதில்லை.

எப்போது கைவிட வேண்டும்?

எச்சில் ஒழுக மூச்சிரைப்பது, கம்பியைக் கடித்துப் பல் உடைவது, நகத்தில் ரத்தம் வரும்வரை பிறாண்டுவது: இவை அடம் அல்ல, பீதி. தனிமைக்கு அஞ்சும் நாயைப் பூட்டினால் அச்சம் கூடும். அன்றே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை ஒரு தடுப்பு வேலியோ, கடிக்கக்கூடிய பொருட்களை அகற்றிய ஓர் அறையோ போதும்.