சம்பளத்தில் வெட்டு விழுந்த பிறகு செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி பிளாஸ்டிக் பை நிறையக் கடிதங்களோடு என் வீட்டுக்கு வந்தார். பிள்ளைப் பராமரிப்புக் காசு என்று சம்பளத்தில் வெட்டிவிட்டார்கள், கணக்கு முழுக்கப் பிழை, நாளைக்கு வேலைத்தளத்தில் போய்ச் சண்டை பிடிக்கப் போகிறேன் என்றார். கடிதங்களைத் தேதி வாரியாக மேசையில் அடுக்கினேன். முதற்கடிதத்துக்கு ஏழு வாரம் ஆகியிருந்தது. உறை பிரிக்கப்படவே இல்லை.

பத்து வருடத்துக்கு முன் என் மேசையிலும் அப்படி ஒரு உறை கிடந்தது. அன்றிலிருந்து இந்தப் பைகளைப் பல பேர் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். எல்லோரும் ஏறக்குறைய என் பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். பெயர் மாறி எழுதுவது, கையெழுத்து வைக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். காசு போகும் தவறுகள் மட்டும் இங்கே. நான் சொல்வதெல்லாம் பிரித்தானியாவின் சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸ் நடைமுறை; பிரிந்த பெற்றோருக்கிடையில் பிள்ளைப் பராமரிப்புக் காசைக் கணக்கிடும் அரச சேவை அது. நீதிமன்றம் பற்றிச் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸுக்கு. ஸ்கொட்லாந்தில் அந்த வேலையை ஷெரிஃப் நீதிமன்றம் பார்க்கும்.

கோபம் வந்த கடிதத்துக்குப் பதில் எழுதுவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

உங்களுக்கு வருவது இரண்டு வேறு முடிவுகள். முதற்கடிதம், வாரத்துக்கு இவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு. பிறகு, அந்தத் தொகையைச் சம்பளத்திலிருந்து எடுக்கச் சொல்லி வேலைத்தளத்துக்குப் போகும் கழிவு உத்தரவு; அதன் பிரதி உங்களுக்கும் வரும். முதலாவது சாதுவாக இருக்கும். நாலைந்து பக்கம், எண்கள், யாரும் உடனே வாசிப்பதில்லை. சம்பளம் குறைந்தவுடன்தான் ரத்தம் கொதிக்கிறது, அப்போது கையில் இருப்பது இரண்டாவது கடிதம். ஆனால் கணக்கை எதிர்க்கும் நாட்கள் முதற்கடிதத்தின் தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிடுகின்றன. 30 நாள். அதற்குள் மீள்பரிசீலனை, அதாவது முடிவை அவர்களே திரும்பப் பார்க்கும்படி, கேட்க வேண்டும்.

எனக்கு நடந்தது இது. கணக்கு எடுக்கும்போது வருமான வரித் திணைக்களத்திடம் இருக்கும் கடைசி முழு வருட வருமானத்தைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். அந்த வருடம் ஓவர்டைம் எல்லாம் சேர்த்து வரிக்கு முன் 36,000 பவுண் எடுத்திருந்தேன். கணக்கு வந்தபோது ஓவர்டைம் நின்று, வருமானம் 26,000க்கு இறங்கியிருந்தது. நடப்பு வருமானம் பழையதிலிருந்து 25 வீதமாவது மாறியிருந்தால் அதை எடுத்துக்கொள்ளும்படி கேட்கலாம். எனக்கு 27 வீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு வருமானத்தில் 16 வீதம் என்றபடி, வாரம் ஏறத்தாழ 110 பவுண் வந்த இடத்தில் 80 வந்திருக்கும். ஒரு கடிதமும் மூன்று சம்பளச் சீட்டும் போதுமாயிருந்தன.

நான் என்ன செய்தேன்? முதலில் வேலைத்தளத்தின் சம்பளப் பிரிவுக்குப் போய்க் கெஞ்சினேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்: உத்தரவு வந்தால் நாங்கள் வெட்டியே ஆக வேண்டும், வெட்டாவிட்டால் எங்களுக்கு அபராதம். அது சரிதான். அப்புறம் ஒரு நண்பர், நீதிமன்றம் போ என்றார். கழிவு உத்தரவை எதிர்த்து 28 நாளுக்குள் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பது உண்மை. ஆனால் அங்கே கேட்கக்கூடியவை இரண்டுதான்: உத்தரவே குறைபாடுள்ளது, அல்லது வெட்டிய காசு சட்டப்படி சம்பளம் என்ற வகைக்குள் வராதது. கணக்கு சரியா பிழையா என்று நீதிமன்றம் கேட்கக் கூடாதென்று 1991ஆம் ஆண்டின் பிள்ளைப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. என் பேச்சை ஐந்து நிமிடத்தில் நிறுத்தினார்கள்.

அதற்குள் 30 நாள் எப்போதோ முடிந்திருந்தது. நாளுக்குள் கேட்டுக் கணக்கை மாற்றினால், அது தொடங்கிய நாளிலிருந்தே திருத்துவார்கள். நாள் தாண்டி, வருமானம் குறைந்துவிட்டது என்று அறிவித்தால், நீங்கள் அறிவித்த நாளிலிருந்துதான் புதுத் தொகை. பின்னால் போகாது. நான் சரியான இடத்தில் போய் நிற்க ஏழு மாதம் ஆனது. வாரம் 30 பவுண்படி கிட்டத்தட்ட 900 பவுண். பிள்ளைகளுக்குப் போன காசுதான், அதில் எனக்குக் கவலையில்லை. ஆனால் அந்த ஏழு மாதமும் வாடகையைக் கடன் வாங்கிக் கட்டினேன்.

ஆகவே கணக்கு பிழை என்றால் மீள்பரிசீலனை. அதன் முடிவும் பிடிக்காவிட்டால், அந்த முடிவுக் கடிதத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் டிரிபியூனல் என்ற சுயாதீனத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு. மீள்பரிசீலனை கேட்காமல் நேரே டிரிபியூனலுக்குப் போக முடியாது. உத்தரவில் கோளாறு என்றால் நீதவான் நீதிமன்றம். உத்தரவு சரி, வெட்டிய தொகை பிழை என்றால் சம்பளப் பிரிவு. தொலைபேசியில் கதைத்தாலும், அன்றே எழுத்திலும் அனுப்பி, மீள்பரிசீலனை என்ற சொல்லை அதில் எழுதுங்கள். ‘நான் சந்தோஷமாக இல்லை’ என்று எழுதிய கடிதம் வெறும் மனக்குறையாகப் போய்விடலாம்.

கூடுதலாக வரும் 20 வீதத்தைக் கணக்குப் பிழை என்று வாதாடுவது

கடிதத்தில் வாரம் 80 என்றிருக்கும், வெட்டுவது 96 ஆக இருக்கும். அவர்களே வாங்கிக் கொடுக்கும் கலெக்ட் அண்ட் பே முறையில், கட்டுபவரிடம் 20 வீதம் மேலதிகக் கட்டணம். வாங்குபவருக்கும் 4 வீதம் குறைத்து 76.80 தான் போகும். கழிவு உத்தரவு போட்டதற்குத் தனியாக 50 பவுண். இந்த 16 பவுணை வைத்துக்கொண்டு மூன்று மாதம் சண்டை போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒத்துவந்து நேரடியாக வங்கி வழியே கட்டினால் இந்தக் கட்டணம் கிடையாது. பழைய வெறுப்பை ஓரமாக வைக்க இதைவிட நல்ல காரணம் நான் கண்டதில்லை.

சம்பளச் சீட்டில் இருந்தால் காசு போய்விட்டது என்று நம்புவது

நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் இரண்டு மாதம் வெட்டினார்கள், அனுப்பவில்லை. சம்பளப் பிரிவில் ஆள் மாறியபோது விடுபட்டுப் போயிற்று. எனக்கு நிலுவை என்று கடிதம் வந்தது, பிள்ளைகளின் தாய்க்கோ நான் வேண்டுமென்றே கட்டவில்லை என்ற எண்ணம். வெட்டிய காசை அடுத்த மாதம் 19ஆம் தேதிக்குள் வேலைத்தளம் அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. ஆகவே சம்பள நாளுக்கும் காசு போய்ச் சேரும் நாளுக்கும் இடையில் சில வாரம் இருக்கும். அதை மற்றப் பக்கத்தவரும் அறிந்திருந்தால் பாதிச் சண்டை குறையும். 19க்குப் பிறகும் கணக்கில் ஏறாவிட்டால், சம்பளச் சீட்டுகளின் பிரதியைச் சர்வீஸுக்கு அனுப்புங்கள். உங்கள் பக்கம் நிற்கும் சாட்சி அதுதான், ஒன்றையும் எறியாதீர்கள்.

அதே சீட்டில் இன்னொன்றும் பாருங்கள். கையில் வரும் சம்பளத்தில் 60 வீதத்தைத் தொடக் கூடாது. மிஞ்சியதிலிருந்துதான் வெட்டலாம், போதாமல் போன தொகை அடுத்த சம்பளத்துக்குத் தள்ளப்படும். வெட்டும் ஒவ்வொரு முறையும் நிர்வாகச் செலவுக்கு 1 பவுண் வரை வேலைத்தளம் எடுக்கலாம், அது களவு இல்லை. ஆனால் 60 வீதத்துக்குள் பெரிய தொகையாகக் கை வைத்திருந்தால் அது சம்பளப் பிரிவின் பிழை, அங்கேயே போய்க் கேளுங்கள்.

காசைக் கையில் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

பிள்ளைகள் தங்கும் இரவுகளை எண்ணாமல் விடுவது

வருடத்தில் 52 இரவாவது பிள்ளை உங்களோடு தங்கினால் தொகையில் ஏழில் ஒரு பங்கு குறையும். 104 இரவென்றால் ஏழில் இரண்டு. வாரம் இரண்டு இரவு என்பது சரியாக 104, ஒரே ஒரு வார இறுதி தவறினாலும் கீழே விழுந்துவிடும். ஆகவே நாட்காட்டியில் குறியுங்கள், கூட்டிப்போன நேரக் குறுஞ்செய்திகளை வைத்திருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: இரவுகளைக் கூட்டிக் காட்டப் பிள்ளையை இழுக்க வேண்டாம். அது அவர்களுக்குப் புரியும். உங்களோடு இப்போது வாழும் வேறு பிள்ளைகள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு, கணக்கில் எடுக்கும் வருமானம் 11 வீதம் குறையும். தனியாகக் கட்டும் ஓய்வூதியப் பணத்தையும் பலர் சொல்ல மறக்கிறார்கள்.

முடிவு வரும்வரை கட்டாமல் இருப்பது

நிலுவை ஏறும், வழக்கு ஏறாது.

முறைப்பாடு எழுதினால் தொகை குறையும் என்று எதிர்பார்ப்பது

தொலைபேசியை எடுக்கவில்லை, கடிதத்துக்குப் பதில் இல்லை, அவமரியாதையாகக் கதைத்தார்கள் என்றால் முறைப்பாடு செய்யுங்கள். அங்கே தீராவிட்டால் சுயாதீன விசாரணையாளரிடம் போகலாம். ஆனால் அவராலும் கணக்கை மாற்ற முடியாது. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள்.

வேலை மாறியதைச் சொல்லாமல் விடுவது

கழிவு உத்தரவு இருந்தால் 7 நாளுக்குள் அறிவிக்க வேண்டும்.

அந்தத் தம்பிக்கு 30 நாள் தாண்டிவிட்டது. ஆனால் கடிதம் வந்த கிழமை அவர் தகப்பனாரின் அந்தியேட்டிக்காக யாழ்ப்பாணத்தில் இருந்தார். தக்க காரணம் இருந்தால் தாமதமாகவும் மீள்பரிசீலனை கேட்கலாம் என்பதால், விமானச் சீட்டின் பிரதியையும் மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் வைத்து அன்றிரவே எழுதினோம். ஏற்காவிட்டாலும், வருமானம் குறைந்ததை அறிவித்த நாளாக அந்தத் தேதி நிற்கும்படி அதே கடிதத்தில் அதையும் சேர்த்தோம். பதில் இன்னும் வரவில்லை. அவர் வேலைத்தளத்தில் சண்டை பிடிக்கவில்லை. இந்த மாதமும் வெட்டினார்கள், சீட்டைக் கோப்பில் வைத்திருக்கிறார்.