எந்த நான்சி? பழைய அமெரிக்க வம்சாவளியில் உறவுக் குழப்பத்தைத் தீர்ப்பது எப்படி

அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைத் தேடிப் பின்னோக்கிப் போகிறவருக்கு 1850 வரை பாதை ஓரளவு தெளிவாகவே இருக்கும். அந்த ஆண்டு சென்சஸில்தான், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களைத் தவிர, வீட்டில் இருந்த அத்தனை பேரின் பெயரும் முதன்முதலாக எழுதப்பட்டது. அதற்கு முன்பு குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. யார் யாருக்கு என்ன உறவு என்ற விவரமோ 1880-ல்தான் வந்தது. கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு 1870-ஐத் தாண்டினாலே பாதை அடைபட்டுவிடும்.

அங்கிருந்து பின்னோக்கிப் போவது எப்படி? ஆப்ரகாம் லிங்கனின் அம்மா நான்சி ஹாங்க்ஸை வைத்தே பார்த்துவிடலாம். ஜனாதிபதியின் பாட்டி யார் என்பதிலேயே நூறு வருடத்துக்கு மேல் சண்டை நடந்திருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் ஜான் ஸ்மித் எம்மாத்திரம்!

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"ஹாங்க்ஸ் குடும்ப வரலாறு" என்பது கேள்வி ஆகாது. "1806-ல் கென்டக்கியில் தாமஸ் லிங்கனை மணந்த நான்சி ஹாங்க்ஸின் தாய் யார்?" என்று எழுதுங்கள். ஆள், இடம், ஆண்டு, ஒரு நிகழ்வு, நான்கும் அதில் இருக்க வேண்டும். பெயர் மட்டும் போதாது.

படி 2: அந்த ஆண்டில் அந்த இடம் எந்தக் கவுண்டி?

கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம்மூர் மாவட்டம் மாதிரி. திருமணம், உயில், நிலப் பத்திரம் எல்லாம் கவுண்டி அலுவலகத்தில்தான் கிடக்கும். கவுண்டிகளோ பிரிந்துகொண்டே போயின. கென்டக்கியே 1792-க்கு முன் வர்ஜீனியாவின் ஒரு பகுதி. நெல்சன் கவுண்டியிலிருந்து 1792-ல் வாஷிங்டன் கவுண்டியும், 1793-ல் ஹார்டின் கவுண்டியும் பிரிந்தன. லிங்கன் 1809-ல் பிறந்த இடம் அன்று ஹார்டின். 1843-க்குப் பிறகு அது லாரூ.

இது வெறும் பூகோளப் பாடம் இல்லை. லிங்கனின் பெற்றோர் வாழ்ந்தது ஹார்டினில் என்பதால் திருமணப் பதிவை அங்கேயே தேடினார்கள். கிடைக்கவில்லை. முறைப்படி கல்யாணமே நடக்கவில்லை என்ற வம்புப் பேச்சுக்கு அது தீனி போட்டது. பதிவு பக்கத்து வாஷிங்டன் கவுண்டியில் பத்திரமாக இருந்திருக்கிறது. 1878-ல்தான் வெளியே வந்தது, லிங்கன் இறந்து 13 ஆண்டு கழித்து. பெண் வீட்டார் இருக்கும் கவுண்டியில் கல்யாணம் நடப்பதுதான் வழக்கம். முதலில் அங்கே தேடுங்கள்.

படி 3: ஆவணத்தைக் கடைசிக் கையெழுத்து வரை படியுங்கள்

தேதியை மட்டும் குறித்துக்கொண்டு பக்கத்தை மூடிவிடாதீர்கள். 1806 ஜூன் 10 தேதியிட்ட திருமண ஜாமீன் பத்திரத்தில் (கல்யாணத்துக்குச் சட்டத் தடை இல்லை என்று பணத்தைப் பணயம் வைத்து எழுதிக் கொடுப்பது), 50 பவுண்டுக்குப் பிணை நின்று தாமஸ் லிங்கனும் ரிச்சர்ட் பெரி என்பவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பெரி தன் பெயருக்குப் பக்கத்தில் 'கார்டியன்', அதாவது பாதுகாவலர், என்றும் எழுதியிருக்கிறார், எழுத்துப்பிழையோடு.

இந்த ஒற்றைச் சொல்லிலிருந்து ஒரு கதையே கிளம்பியது. பெரி குடும்பத்தில் ஷிப்லி வீட்டுப் பெண் வாழ்க்கைப்பட்டிருந்தார். எனவே நான்சியின் தாயும் ஒரு ஷிப்லி பெண்தான் என்று ஒரு கட்சி. ஆனால் 21 வயது நிரம்பாதவருக்குத்தான் சட்டப்படி கார்டியன் தேவை. நான்சிக்கு அப்போது 22 இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆக, பெரி அவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவராக இருக்கலாம். ரத்த உறவு என்று சொல்ல இந்தச் சொல் மட்டும் போதாது.

படி 4: ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தெடுங்கள்

பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. நெல்சன் கவுண்டியில் 1793-ல் ஜோசப் ஹாங்க்ஸ் என்பவர் எழுதிய உயிலில், மகள் நான்சிக்கு 'பைடி' என்ற கிடேரிக் கன்றைக் கொடுத்திருக்கிறார். பெயர் பொருந்துகிறது, காலம் பொருந்துகிறது, ஊரும் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. இவர்தான் லிங்கனின் அம்மா என்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அச்சிலேயே எழுதிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு எக்செல் தாளைத் திறந்து, ஒவ்வொரு நான்சிக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். கிடைக்கிற ஒவ்வொரு பதிவையும் தேதி வாரியாக அதனதன் பத்தியில் போடுங்கள். கல்யாணம், பிள்ளைகள், சாவு வரை ஒவ்வொருவரையும் பின்தொடர வேண்டும். கிடேரிக் கன்று வாங்கிய நான்சியைப் பின்தொடர்ந்தால், அவர் லிங்கனின் உறவினரான டென்னிஸ் ஹாங்க்ஸின் அம்மா, பிறகு லீவை ஹால் என்பவரின் மனைவி என்று தெரிகிறது. அவர் லிங்கனின் அம்மா ஆக முடியாது. லிங்கனின் அம்மாவுக்குச் சித்தியோ பெரியம்மாவோ, அந்த உறவுதான்.

லிங்கனின் அம்மாவைப் பெற்றவர் லூசி ஹாங்க்ஸ், அவர் இந்த ஜோசப்பின் மகள் என்பது மறு கட்சி. ஆனால் அதே உயிலில் லூசியின் பெயர் இல்லை. உயிலில் இல்லாததால் மகளே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். முன்பே பங்கு வாங்கியிருக்கலாம், மனஸ்தாபமும் இருந்திருக்கலாம். 1790-ல் மெர்சர் கவுண்டியில் ஹென்றி ஸ்பாரோவை மணக்க, தனக்கு வயது வந்துவிட்டது என்று தானே சீட்டு எழுதிக் கொடுத்தவர் இந்த லூசி ஹாங்க்ஸ்.

ஜூனியர், சீனியர் என்று பார்த்ததும் அப்பா, மகன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இருவரில் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர். மாமனும் மருமகனுமாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம்.

படி 5: தேதிகளைச் சோதியுங்கள்

1752-க்கு முந்தைய ஆங்கிலேயக் காலனிகளில் புத்தாண்டு மார்ச் 25. ஏப்ரல் 1730-ல் கல்யாணம், பிப்ரவரி 1730-ல் குழந்தை என்று பார்த்துப் பதற வேண்டாம். அந்தப் பிப்ரவரி ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்து வந்தது.

படி 6: டிஎன்ஏ

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். நான்சியின் ஒரே மகள் சாரா 1828-ல் பிரசவத்தில் இறந்துவிட்டார், அந்தப் பெண்வழி அங்கேயே நின்றுபோனது. அதனால் லூசியின் மற்ற மகள்கள் வழி வந்தவர்களையும், ஜோசப்பின் மனைவி ஆன் வழி வந்தவர்களையும் சோதித்தார்கள். 2015-ல் வந்த முடிவு, லூசி ஆனின் மகள் என்ற பக்கம் நின்றது. ஷிப்லி கதை பலமிழந்தது. இங்கேயும் கவனியுங்கள்: டிஎன்ஏ லூசியை ஆனோடு இணைக்கிறது. நான்சியை லூசியோடு இணைப்பது இன்னமும் காகிதமும் சாட்சியங்களும்தான்.

படி 7: எழுதும்போது

ஒவ்வொரு உறவுக்கும் பக்கத்தில் "உறுதி", "பெரும்பாலும்", "ஊகம்" என்று ஒரு சொல் போடுங்கள். நான்சியின் கணவர் தாமஸ் லிங்கன் என்பது உறுதி. தாய் லூசி ஹாங்க்ஸ், பெரும்பாலும். தகப்பனார் ஒரு வர்ஜீனியா கனவான் என்று லிங்கனே தன்னிடம் சொன்னதாக அவரது வக்கீல் கூட்டாளி ஹெர்ன்டன் பின்னாளில் எழுதினார், பெயர் சொல்லவில்லை. அதைக் குறிப்பில் எழுதிவிட்டு, தகப்பனார் கட்டத்தைக் காலியாக விடுங்கள். வம்சாவளித் தளங்கள் "இவராக இருக்கலாம்" என்று ஒரு பெயரை நீட்டிக்கொண்டே இருக்கும். கிளிக் செய்யாதீர்கள்.