நாமினி போட்டாச்சு, போதும் என்று இருக்கும் தன்பாலின இணையர்களுக்கு

பத்து வருஷமாக ஒன்றாக இருக்கிறீர்கள், வீட்டுக் கடன் தவணையில் பாதி நீங்கள் கட்டுகிறீர்கள், ஆனால் பத்திரம் அவர் பேரில் மட்டும். நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் வராது. தன்பாலின இணையர் சொத்து விஷயத்தில் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இதை மறந்துவிடுவதால் வருபவை.

தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப்பிரிவு போனதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2018 தீர்ப்பு, சேர்ந்திருப்பது குற்றமில்லை என்றது, அவ்வளவுதான். திருமணம் செய்துகொள்ள அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று சொல்லிவிட்டது. குடும்பம் அமையக் கல்யாணம் மட்டுமே வழியில்லை என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது படிக்க இதமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைக் காட்டிப் பட்டா மாற்ற முடியாது. கனடாவில் முறைப்படி கல்யாணம் பதிவு செய்தவர்களுக்கும் இதே கதிதான். தாம்பரத்து ஃபிளாட்டுக்கு இந்திய வாரிசுச் சட்டம்தான் செல்லும்.

சரி, நாமினி விஷயத்துக்கு வருவோம். இணையரை நாமினியாகப் போடலாம், கூட்டுக் கணக்கும் தொடங்கலாம், தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகமே தெளிவுபடுத்தியது. நல்லது, போடுங்கள். ஆனால் நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குகிற ஆள்தான், சொந்தக்காரர் இல்லை. காப்பீட்டுக்கு 1983 டிசம்பரில், பங்குகளுக்கு 2023 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. காப்பீட்டில் 2015 திருத்தம் ஒரு விலக்கு கொண்டுவந்தது: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். அந்தப் பட்டியலில் இணையர் கிடையாது. பிஎஃப் இன்னும் மோசம், உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் இருந்தால் அவர்களை விட்டுவிட்டு வெளியாளுக்கு நாமினேஷன் போட்டாலும் செல்லாது.

அப்போது கையில் இருக்கும் நல்ல வழி உயில்தான். உயில் இல்லாவிட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கல்யாணமாகாத ஆணின் சொத்து முழுக்க அம்மாவுக்கு. பெண் தானே சம்பாதித்தது அப்பா அம்மா இருவருக்கும். இதில் பலர் யோசிக்காத ஒரு பொறி இருக்கிறது. வீட்டார் வற்புறுத்தலில் ஒரு ஆணைக் கட்டிக்கொண்டு, பிறகு பிரிந்து வந்து, விவாகரத்து வாங்காமலே வருஷக்கணக்காக இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். அப்படிக் குழந்தை இல்லாத ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்துபோனால் அவர் சம்பாத்தியம் மொத்தமும் அந்தக் கணவருக்குத்தான். கணவர் முன்பே இறந்திருந்தால்கூட, பெற்றோருக்கு முன்னால் கணவர் வீட்டு வாரிசுகள் வந்து நிற்பார்கள்!

உயில் எழுதும்போது 'என் மனைவி', 'என் கணவர்' என்று எழுதிவைக்காதீர்கள், அந்த உறவே சட்டப்படி இல்லை என்று வழக்கு போட அது ஒன்று போதும். முழுப்பெயர், அப்பா பெயர், முகவரி, இத்தனை வருஷமாக என்னோடு வாழ்பவர் என்று எழுதுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ ஏன் கொடுக்கவில்லை என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவராக இணையரையே போடுவது வம்பை விலை கொடுத்து வாங்குவது. உங்களைவிட வயதில் சின்னவர்களாகப் பாருங்கள், நாளைக்கு நீதிமன்றம் ஏற வேண்டியது அவர்கள்தான். முஸ்லிம்களுக்கு ஒரு எச்சரிக்கை: வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் கொடுக்க முடியாது.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் 'பதிவு செய்தால் ஊருக்கே தெரிந்துவிடும்' என்று பயந்து விடுவது தேவையில்லாத பயம், எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் நியமித்த முகவருக்கோ தவிர யாருக்கும் நகல் தர மாட்டார்கள்.

உயில் எதற்கு, இப்போதே எழுதிக்கொடுத்துவிடுகிறேன் என்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத்தாள் தீர்வை 1 சதவீதம், அதுவும் உச்சவரம்போடு. வெளியாளுக்கு 7 சதவீதம். போதாததற்கு, உறவினர் அல்லாதவரிடமிருந்து வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் வரும் அன்பளிப்பு முழுவதும் வாங்கியவரின் வருமானமாகக் கணக்கிடப்படும். உயில் வழியாக வந்தால் அந்த வரி இல்லை.

பவர் பத்திரத்தை நம்பி இருப்பவர்களும் உண்டு. கொடுத்தவர் இறந்த நிமிஷமே பவர் செத்துப்போகும், மனநிலை தவறினாலும் அதே கதை.

கடைசியாக, கேட்டால் சிரிப்பு வரும். அத்தனையும் ஒழுங்காக எழுதி, அந்த உயிலைத் தன் பேரில் மட்டும் இருக்கும், நாமினியும் போடாத வங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். அதைத் திறக்க வங்கி முதலில் வாரிசுகளைத் தேடும். வேண்டாம், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் உறையில் போட்டு முத்திரை வைத்து ஒப்படைக்க வழியிருக்கிறது, அதற்கான ரசீதை இணையர் கையில் கொடுங்கள்.