டைமண்டும் கிளாவரும்: ஆடுவதும் தடுப்பதும்

இருவர் இருவராகச் சேர்ந்து நால்வர் ஆடும் பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் மைனர் சூட்டுகளான டைமண்டுக்கும் கிளாவருக்கும் ஒரு டிரிக்குக்கு (நால்வரும் ஆளுக்கொரு சீட்டுப் போடும் சுற்றை வெல்வதற்கு) 20 புள்ளிதான். கேமுக்கு, அதாவது பெரிய போனஸுக்கு, தேவையான 100ஐ எட்ட ஏலத்தில் 5 டைமண்ட் கேட்டு 11 டிரிக் எடுக்க வேண்டும் (முதல் ஆறு டிரிக்குக்குப் புள்ளி இல்லை). துருப்பே (மற்ற சூட்டுகளை வெட்டும் சூட்) இல்லாத 3 நோ டிரம்ப் என்றால் 9 போதும். அதே சீட்டுகளை ஆடிய மற்ற மேஜைகளோடு புள்ளியை ஒப்பிடும் மேட்ச்பாயின்ட் போட்டியில் வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும்: வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) இல்லாதபோது நோ டிரம்பில் 10 டிரிக் எடுத்தால் 430; 5 டைமண்டில் 12 எடுத்தாலும் 420தான். அதனால் நீளமான மைனர் சூட்டைக் கண்டதும் முதலில் நோ டிரம்பை நினையுங்கள். எதிரிகள் நீளமாக வைத்திருக்கும் சூட்டில் உங்களுக்கு ஸ்டாப்பரே (அவர்கள் ஓட்டத்தை நிறுத்தும் சீட்டு) இல்லையென்றால் மட்டும் ஐந்துக்கு ஏறுங்கள்.

3 நோ டிரம்பில் மைனர் சூட்தான் டிரிக் சுரங்கம். டம்மியில் (மேஜையில் விரித்து வைத்த பார்ட்னரின் கையில்) ஏஸ், ராஜா, 7, 6, 5, 3 என்று ஆறு டைமண்ட், உங்கள் கையில் 8, 2. டம்மிக்குப் போக வேறு என்ட்ரி, அதாவது அங்கே ஜெயிக்கும் வேறு சூட் சீட்டு, கிடையாது. ஏஸ், ராஜாவை அவசரமாக இறக்கினால் மூன்றாவது சுற்றை எதிரி எடுப்பார். மீதிச் சீட்டுகள் டம்மியிலேயே செத்துப்போகும். மாறாக, முதல் சுற்றில் இரு பக்கமும் சின்னச் சீட்டைப் போட்டு விட்டுக்கொடுங்கள். அடுத்து 2ஐ ஆடி ஏஸால் எடுங்கள். எதிரிகளிடம் உள்ள ஐந்து சீட்டும் 3-2 ஆகப் பிரிந்திருந்தால் (சுமார் 68 சதவீத வாய்ப்பு) ஐந்து டிரிக் உறுதி. 4-1 என்றால் இரண்டோடு நிற்கும். விட்டுக்கொடுக்கும் முன் ஒரு கணக்கு: அந்த டிரிக்கைப் பிடித்த எதிரி உடனே நாலு டிரிக்கை அள்ளிவிட முடியுமா? முடியுமென்றால் இந்த வித்தை வேலைக்காகாது.

தடுப்பவரின் வேலை இதற்கு நேரெதிர்: டம்மிக்குப் போகும் அந்த வழியை அறுப்பது. டம்மியில் கிளாவர் ராஜா, ராணி, ஜாக்கி, 10, 4. வெளி என்ட்ரி இல்லை. உங்களிடம் ஏஸ், 8, 3. எப்போது ஏஸைப் போடுவது? டிக்ளேரரின் (ஏலத்தை வென்று டம்மியையும் சேர்த்து ஆடுபவரின்) கடைசிக் கிளாவர் விழும் சுற்றில். அதைச் சொல்லவேண்டியவர் உங்கள் பார்ட்னர். இரட்டைப்படை எண்ணிக்கை இருந்தால் அவர் முதலில் பெரியது, பிறகு சிறியது போடுவார்; ஒற்றைப்படை என்றால் சிறியதிலிருந்து ஏறுவார். அவர் முதலில் 7 போட்டால் பெரும்பாலும் இரண்டு சீட்டு, டிக்ளேரரிடம் மூன்று. மூன்றாவது சுற்று வரை பொறுங்கள். 2 போட்டால் மூன்று சீட்டு என்று எடுத்துக்கொண்டு இரண்டாவது சுற்றிலேயே ஏஸைப் போடுங்கள். ஒரு சுற்று தாமதித்தால் டிக்ளேரருக்கு ஒரு டிரிக் இலவசம்! எண்ணிக்கை காட்டாமல் கைக்கு வந்ததைப் போடும் பார்ட்னரால்தான் பல ஆட்டம் பறிபோகிறது.

5 மைனர் ஆடும்போது உங்களுக்கு இரண்டு தோல்விதான் அனுமதி. கையில் ஐந்து துருப்பு, டம்மியில் நாலு துருப்பும் ஒரு பக்கச் சூட்டில் ஒற்றைச் சீட்டும் இருந்தால், துருப்பை இழுக்காமல் முதலில் டம்மியில் வெட்டுங்கள். கூடுதல் டிரிக் தருவது டம்மியில் வெட்டுவதுதான். ஐந்து துருப்புள்ள கையில் வெட்டினால் எப்படியும் கிடைக்கப்போகும் டிரிக்கே கிடைக்கும். டம்மியில் நீளமான பக்கச் சூட் நின்றால் மட்டும் துருப்பை உடனே இழுத்துவிடுங்கள்.

எதிரிகள் 3 நோ டிரம்பைத் தாண்டி ஐந்துக்குப் போனால், ஏதோ ஒரு சூட்டில் ஓட்டை இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அவர்கள் ஏலத்தில் சொல்லாத சூட்டில் முதல் சீட்டை ஆடுங்கள். தேவை மூன்று டிரிக். அவர்கள் நீளமான பக்கச் சூட்டில் தோற்கும் சீட்டுகளைக் கழற்றுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஏலத்தில் டம்மிக்கு ஒற்றைச் சீட்டு என்று தெரிந்தால் மட்டும் துருப்பையே லீட் செய்து வெட்டைக் குறையுங்கள்.