பூனை, நாய், இடி: ஆங்கிலச் சொலவடைகளின் மூலத்தைச் சரிபார்ப்பது எப்படி?

கொட்டும் மழையை ஆங்கிலத்தில் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பார்கள். ஏன் பூனையும் நாயும்? இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் பதில் இது: பழைய இங்கிலாந்தில் வைக்கோல் கூரைக்குள் விலங்குகள் படுத்திருக்கும், மழையில் கூரை வழுக்கினால் பொத்தென்று கீழே விழும். 1999 வாக்கில் மின்னஞ்சலில் சுற்றிய ஒரு கட்டுரையால் பரவிய கட்டுக்கதை இது. நெருக்கி வேய்ந்த கூரைக்குள் எலி புகலாம், நாய் படுக்க முடியாது. வானிலை, விலங்கு பற்றிய சொலவடைகளில்தான் இப்படிப்பட்ட கதைகள் அதிகம் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைச் சோதிக்க ஒரு வரிசை உண்டு.

முதலில் தேதி, அப்புறம்தான் கதை. அந்தத் தொடர் அச்சில் எப்போது முதலில் வந்தது என்று பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, தனக்குக் கிடைத்த மிகப் பழைய மேற்கோளை ஆண்டோடு தருகிறது. அந்தப் பதிவு எப்போது திருத்தப்பட்டது என்பதையும் கவனியுங்கள். நூறாண்டாகத் திருத்தப்படாத பதிவென்றால் அதைவிடப் பழைய சான்று வெளியே இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, பழைய நூல்களின் உள்ளே சொல் தேட உதவும் கூகுள் புக்ஸ். தொடரை இரட்டை மேற்கோள்குறிக்குள் இட்டு, ஆண்டு வரம்பு வைத்துத் தேடுங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். பருவ இதழ்களுக்குப் பல சமயம் இதழ் தொடங்கிய ஆண்டே பதிவாகியிருக்கும். 1820-ல் தொடங்கிய இதழின் 1890-ஆம் ஆண்டுத் தொகுதியும் 1820 என்றே காட்டும். தலைப்புப் பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் எந்த ஆண்டையும் குறித்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு சிக்கல், 1800-க்கு முந்தைய அச்சில் சொல்லின் நடுவில் வரும் 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும். 'ஹார்ஸ்', 'மவுஸ்' போன்ற சொற்களை எஸ்ஸுக்குப் பதில் எஃப் போட்டும் ஒருமுறை தேட வேண்டும். சொல்லின் கடைசியில் வரும் எஸ்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. 17-ஆம் நூற்றாண்டுக்குப் போனால் எழுத்துக்கூட்டலே மாறும், 'ரெயின்' என்பதன் கடைசியில் ஒரு 'ஈ' சேர்ந்திருக்கும்.

ஒரு தொடர் நூல்களில் ஆண்டுவாரியாக எவ்வளவு வந்தது என்று காட்டும் கூகுளின் என்கிராம் வரைபடம் ஐந்து சொல்லுக்கு மேல் ஏற்காது, நாற்பது நூல்களுக்குக் குறைவாக வந்த தொடரைக் காட்டவும் காட்டாது. அதில் கோடு தெரியாததால் தொடரே அப்போது இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

தேதி கையில் இருந்தால் பாதிக் கதைகள் தாமாக உதிரும். 1710-ல் ஜோனதன் ஸ்விஃப்ட், நகரத்து மழையில் செத்த பூனைகளும் மூழ்கிய நாய்க்குட்டிகளும் சாக்கடையில் அடித்துவரப்படுவதாகக் கவிதை எழுதினார். மழைச் சொலவடை அதிலிருந்து பிறந்தது என்பவர்கள் உண்டு. ஆனால் கவிஞர் ஹென்றி வான் 1651-லேயே நாயும் பூனையும் மழையாகப் பொழிவதை எழுதிவிட்டார். 1653-ல் அச்சான ரிச்சர்ட் புரூமின் நாடகத்தில் அது 'டாக்ஸ் அண்ட் போல்கேட்ஸ்', அதாவது நாயும் கீரி போன்றதொரு காட்டுப் பிராணியும். இன்றைய வடிவத்தை 1738-ல் ஸ்விஃப்டின் உரையாடல் நூலில் காணலாம். விலங்குகள் இப்படி இடம் மாறுவதைப் பார்த்தால், ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைவிட வேண்டுமென்றே பெருக்கிச் சொன்ன பேச்சு என்பதே பொருத்தமாகப் படுகிறது. மாற்று வடிவங்களைச் சேகரிப்பதன் பயன் இதுதான்.

சில கதைகளை அளந்தே பார்க்கலாம். 'பித்தளைக் குரங்கின் குண்டுகளே உதிரும் குளிர்' என்றொரு சொலவடை. கப்பலில் பீரங்கிக் குண்டுகளைக் கூம்பாக அடுக்கும் பித்தளைத் தட்டுக்குக் குரங்கு என்று பெயர், குளிரில் தட்டு சுருங்கிக் குண்டுகள் சரியும் என்று விளக்குவார்கள். கணக்குப் போடுங்கள். ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் பித்தளை பத்து லட்சத்தில் 19 பங்கு சுருங்கும், இரும்பு ஏறக்குறைய 12 பங்கு. ஒரு மீட்டர் தட்டு 30 டிகிரி குளிர்ந்தால் பித்தளை 0.57 மில்லிமீட்டரும் குண்டு வரிசை 0.36 மில்லிமீட்டரும் சுருங்கும். வித்தியாசம் 0.2 மில்லிமீட்டர்தான். அதற்குக் குண்டு உருளாது. ஆடும் கப்பலில் கூம்பே நிற்காது என்பதால் துளையிட்ட மரச்சட்டங்களில்தான் குண்டுகளை வைத்தார்கள். மேலும், நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் 1847-ல் எழுதியது பித்தளைக் குரங்கின் மூக்கே உருகும் வெயிலைப் பற்றி! குளிர் வடிவத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

ஆங்கிலத்தோடு நின்றுவிடாமல் பழைய மொழிகளையும் பாருங்கள். ஒரு தகைவிலான் குருவி வந்ததால் கோடை வந்துவிடாது என்பது அரிஸ்டாட்டிலிடமே இருக்கிறது, அவர் சொன்னது வசந்தம். 'டாக் டேஸ்' என்ற கடும் வெயில் நாட்களுக்கும் வெறிநாய்க்கும் தொடர்பில்லை. பெருநாய் விண்மீன் குழுவின் சிரியஸ், சூரியனுக்குச் சற்று முன் உதிக்கத் தொடங்கும் காலத்துக்கு ரோமானியர்கள் வைத்த பெயர் அது.

வானிலைக் கணிப்புச் சொலவடை என்றால் அது எந்த நிலத்துக்குப் பொருந்தும் என்பதையும் எழுதுங்கள். மாலை வானம் சிவந்தால் மறுநாள் தெளிவு என்பது மத்தேயு சுவிசேஷத்தின் 16-ஆம் அதிகாரத்திலேயே உண்டு. வானிலை மேற்கிலிருந்து கிழக்காக நகரும் மிதவெப்ப மண்டலத்தில் அது ஓரளவு பலிக்கும், ஏனென்றால் மேற்கே வானம் தெளிவாக இருப்பதை அந்தச் சிவப்பு காட்டுகிறது. காற்று கிழக்கிலிருந்து வீசும் வெப்பமண்டலத்தில் அதை நம்ப முடியாது.

கடைசியாக, முடிவை எழுதும் விதம். '1651-ல் பிறந்தது' என்று எழுதாதீர்கள், 'அச்சில் இதுவரை கண்ட முதல் சான்று 1651' என்று எழுதுங்கள். 'பையிலிருந்து பூனையை விடுவது', அதாவது ரகசியத்தை வெளியிடுவது, 1760-ல் லண்டன் மேகசினில் வருகிறது. பன்றிக்குட்டி என்று சொல்லிப் பூனையை விற்ற ஏமாற்று, 'பூனை' என்று பெயர் பெற்ற கப்பல் சவுக்கு என்று இரண்டு விளக்கங்கள் உண்டு, இரண்டுக்கும் நேர்ச்சான்று இல்லை. அப்படியே பதிவு செய்யுங்கள். மாறாக, பிறர் யோசனையையோ பெருமையையோ தட்டிக்கொள்வதைக் குறிக்கும் 'இடியைத் திருடுவது' கதைக்கு ஆள், ஆண்டு இரண்டும் உண்டு. 1709-ல் ஜான் டென்னிஸ் தன் நாடகத்துக்காக இடியோசை எழுப்பப் புது உத்தி செய்தார். நாடகம் ஓடவில்லை, உத்தியை மட்டும் அரங்கத்தார் மாக்பெத்துக்கு எடுத்துக்கொண்டதாகக் கொதித்தார். இச்செய்தி 18-ஆம் நூற்றாண்டு நூல்களிலேயே இருப்பதால் அதை நம்பத்தக்க விளக்கங்களின் வரிசையில் வைக்கலாம்.