கரப்பானை மின்துடிப்பால் திருப்புதல்: மலையக ஆய்வுகூடங்களுக்கான குறிப்பு

'ரிமோட்டில் ஓட்டும் கரப்பான்' என்பது கொஞ்சம் மிகையான பெயர். கரப்பானின் கால்களை யாரும் அசைப்பதில்லை. உணர்கொம்புக்குள் துடிப்பு போனதும், எதிலோ முட்டிவிட்டதாகக் கரப்பான் எண்ணி மறுபக்கம் திரும்புகிறது. வலக்கொம்பைத் தூண்டினால் இடம், இடக்கொம்பைத் தூண்டினால் வலம்.

2013இல் பேக்யார்ட் பிரெயின்ஸ் நிறுவனம் கொண்டுவந்த, கரப்பானின் முதுகில் ஏற்றும் ரோபோரோச் பொதியும் இப்படித்தான் வேலை செய்கிறது. அந்தப் பொதி சில கிராம் எடை. நம் வீட்டு அமெரிக்கக் கரப்பானோ ஏறக்குறைய 1 கிராம்தான். அதற்காகப் பெரிய வெளிநாட்டு இனத்தைத் தருவிக்க வேண்டாம், தப்பினால் பிடிக்க முடியாது. சுற்றை மேசையில் வைத்து, மெல்லிய கம்பிகளை மேலிருந்து தொங்கவிடுங்கள்.

சுற்றுக்கு, துடிப்பை உண்டாக்கும் 555 சிப்பில் எல்எம்சி வகையை வாங்குங்கள். 3 வோல்ற்று நாணயப் பற்றரியிலேயே ஓடும். சாதாரண என்இ555க்கு 4.5 வோல்ற்றாவது வேண்டும். மீடிறன் 55 ஹேர்ட்ஸ், துடிப்பின் அகலம் சில மில்லிசெக்கன். வெளியீட்டில் தொடராக 1 மைக்ரோபரட் கொள்ளளவி கட்டாயம். அதை விட்டால் நேரோட்டம் பாய்ந்து, மின்வாயைச் சுற்றியுள்ள இழையம் மின்பகுப்பில் கருகும்.

கரப்பானைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, கால்கள் அசையாமல் நிற்கும் வரை சில நிமிடம் வையுங்கள். தலைக்குப் பின்னுள்ள முன்மார்புத் தகட்டின் மெழுகை நுண்ணிய அரத்தாளால் தேய்த்தால்தான், கம்பிகளை அங்கே ஒட்டும் பசை பிடிக்கும். சிறகின் அடியில் பூச்சி ஊசியால் சிறு துளையிட்டு, 0.1 மில்லிமீற்றருக்கும் மெல்லிய வெள்ளிக் கம்பியைப் பொது மின்வாயாகச் செருகுங்கள். பிறகு உணர்கொம்பை ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் விட்டு வெட்டி, குழாய்க்குள் இன்னொரு கம்பியை மெதுவாக நுழைத்து, ஒரு சொட்டு சுப்பர் குளூ வையுங்கள். அந்தப் பசை ஈரப்பதத்தால் இறுகுவது; மூடுபனி நாளில் நீங்கள் கம்பியைச் சரிசெய்வதற்குள் கல்லாகிவிடும்.

இந்த வெட்டைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. வளர்ந்த கரப்பான் தோலுரிக்காது, ஆகவே கொம்பும் திரும்ப முளைக்காது. மணமும் தொடுகையும் வாழ்நாளுக்கும் குறைந்துபோகும். ஒரு கொம்பே போதும் என்றால் இரண்டையும் வெட்டாதீர்கள். குளிரில் விறைத்த பூச்சி அசையாது, ஆனால் வலி உணரவில்லை என்று அதைவைத்துச் சொல்ல முடியாது. பிரிட்டன் 2022இல் நண்டையும் கணவாயையும் உணர்வுள்ள விலங்குகளாகச் சட்டத்தில் சேர்த்தது; பூச்சிகளைச் சேர்க்கவில்லை. சட்டம் பேசாத இடத்தில் எத்தனை பூச்சி, எதற்காக என்று ஆசிரியர்தான் எழுதி வைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். வேடிக்கை காட்டுவதற்கென்றால் தொடங்கவே வேண்டாம்.

அடுத்த நாள் வரை ஓய்வு கொடுங்கள், பிறகு அரைச் செக்கனுக்குத் துடிப்புகளை அனுப்புங்கள். நுவரெலியாவில் ஜனவரிக் காலை 10 பாகைக்கும் கீழே இறங்கும். குளிர்ந்த கரப்பான் எந்தச் செய்திக்கும் மந்தமாகவே அசையும். இங்கேதான் பலர் வோல்ற்றளவைக் கூட்டிக் கெடுக்கிறார்கள். முதலில் பெட்டியை 25 பாகைக்குச் சூடாக்குங்கள். அதன் பிறகும் திரும்பாவிட்டால் பொது மின்வாய் கழன்றிருக்கும். முதலில் நன்றாகத் திரும்பிச் சில நிமிடத்தில் நின்றுவிட்டால் அது பழகிவிட்டது என்று பொருள்: அரை மணி நேரம் விடுங்கள், அல்லது மீடிறனை மாற்றிப் பாருங்கள். பழகுவதை அளப்பதே இந்தச் செயல்முறையில் பயனுள்ள பகுதி.

2025 மார்ச் மியன்மார் நிலநடுக்கத்தின் இடிபாடுகளில் தேட, சிங்கப்பூர் இத்தகைய கரப்பான்களை அனுப்பியது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014இல் லயங்களை மூடியது போன்ற மண்சரிவுக்கு இவை உதவுமா என்று மாணவர்கள் கேட்பார்கள். உதவாது. கொங்கிரீட் இடிபாட்டில் பூச்சி நுழைய இடுக்கு உண்டு, சேற்றுக்குள் அந்த இடுக்கும் அடைபட்டுப்போகும்.

செயல்முறை முடிந்த பூச்சியை வெளியே விடாதீர்கள். கம்பியைப் பசையோரமாக நறுக்கிவிட்டு, நீரும் கரட்டும் கொடுத்துச் சாகும் வரை வளருங்கள். நடக்க முடியாமல் தளர்ந்துவிட்டால், முதலில் குளிரூட்டியின் கீழ்த்தட்டில் சில மணி நேரமும் பிறகு உறைநிலைப் பெட்டியில் ஒரு முழு நாளும் வையுங்கள்.