கேட்டலினா 22 படகின் உடைந்த முன் ஹேட்சைச் சரிசெய்வது எப்படி?

அமெரிக்காவில் முதல் பாய்மரப் படகைப் பழையதாக வாங்க நினைப்பவர்களின் பட்டியலில் கேட்டலினா 22 கட்டாயம் இருக்கும். 1969-ல் தொடங்கி 15,000-க்கும் மேல் கட்டப்பட்ட படகு. எடை ஏறக்குறைய ஒரு டன்தான் என்பதால் டிரெய்லரில் ஏற்றி எந்த ஏரிக்கும் இழுத்துப் போகலாம். விலையும் கைக்கு அடக்கம். ஆனால் பாதிக்கு மேல் நாற்பது வருடம் வெயில் தின்ற படகுகள். வாங்கியதும் முன் டெக்கில் (மேல்தளத்தில்) இருக்கும் ஃபைபர்கிளாஸ் மூடியை, அதாவது முன் ஹேட்சை, பாருங்கள். விரிசல் இல்லாமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

துறைமுகத்திலேயே கட்டிக் கிடக்கும் படகுக்கு இல்லாத தொல்லைகள் டிரெய்லர் படகின் ஹேட்சுக்கு உண்டு. தண்ணீரில் இறக்கும் ஒவ்வொரு முறையும் 25 அடி மாஸ்ட்டை (பாய்மரக் கம்பத்தை) நிமிர்த்த வேண்டும். முன்னால் நின்று கம்பியை இழுத்துக் கட்டுகிறவர் வசதியாக ஹேட்ச் மேலேயே ஏறி நின்றுகொள்வார். சாலைக் குலுக்கலில், கதவுக்கு இருப்பது போல மூடிக்கும் உள்ள கீலின் ஸ்க்ரூக்கள் தளரும், அந்த ஓட்டை வழியே மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். தாழ்ப்பாள் போடாமல் நெடுஞ்சாலையில் ஏறினால் காற்று மூடியைத் தூக்கிக் கீலோடு பிய்த்துவிடும்.

இதில் எதனால் உடைந்தது என்று தெரியாமல் ரெசின் என்ற ஒட்டுப் பிசினை வாங்கப் போகாதீர்கள். விரிசலை மட்டும் அடைத்தால் அடுத்த சீசனில் அதே இடத்தில் திரும்ப வரும்.

முதலில் தட்டிப் பாருங்கள்

ஒரு நாணயத்தையோ ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியையோ எடுத்து ஹேட்ச் முழுக்க இரண்டு அங்குலத்துக்கு ஒரு முறை தட்டிக்கொண்டே போங்கள். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிற அதே காதுதான் இங்கேயும் வேண்டும். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கூராகக் கேட்கும். உள்ளே ஈரமோ பிளவோ இருந்தால் சத்தம் மழுங்கிப்போகும். மழுங்கிய இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

விரிசலின் வடிவமும் பேசும். முடி போன்ற மெல்லிய கோடுகள் மட்டும் இருந்து, அமுக்கினால் அசையவில்லை என்றால், வெடித்தது மேலே இருக்கும் ஜெல்கோட் பூச்சு மட்டும்தான். நடுவில் நட்சத்திரம் போலப் பிரிந்தால் யாரோ மிதித்திருக்கிறார்கள் அல்லது ஏதோ விழுந்திருக்கிறது. கீலிலிருந்து கிளம்பி ஓடும் விரிசல் என்றால் குற்றவாளி அந்த ஸ்க்ரூ ஓட்டைகள்.

மூடி இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரம், பிளைவுட் அல்லது ஃபோம் வைத்துச் செய்ததா, ஒற்றைத் தோலா என்று தெரியாவிட்டால், கீலைக் கழற்றி ஓட்டையின் சுவரைப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் உட்பக்கத்திலிருந்து 3 மி.மீ. டிரில்லால் மெதுவாக ஒரு துளை போடுங்கள். பிட்டில் கருப்பாக, ஈரமாக மரத்தூள் ஒட்டி வந்தால் உள்ளே அழுகியிருக்கிறது.

சரிசெய்வதா, மாற்றுவதா?

என் கணக்கு இது: விளிம்பு பெரும்பாலும் முழுசாக இருந்தால் சரிசெய்யுங்கள். நடுப்பகுதி எவ்வளவு நொறுங்கியிருந்தாலும் கட்டிவிடலாம். ஆனால் படகின் திறப்பைச் சுற்றியுள்ள வரப்பின் மேல் கவிழ்ந்து உட்காரும் விளிம்பு பல துண்டாகிவிட்டால் அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது புதியவர்களுக்குப் பெரும்பாடு.

மாற்றுவதென்றால், இந்தப் படகுக்கு ஒரு நல்ல விஷயம் உண்டு. கலிஃபோர்னியாவின் கேட்டலினா டைரக்ட் போன்ற கடைகள் இந்த வகைப் படகுகளின் பாகங்களையே வியாபாரமாக வைத்திருக்கின்றன. பழைய படகுகளை உடைத்து விற்கும் யார்டுகளிலும் தேடலாம், ஆனால் உங்கள் படகு எந்த வருடத்தது என்று பார்த்து அளந்து வாங்குங்கள். லூமார், போமார் மாதிரியான அலுமினியச் சட்ட ஹேட்ச் போடவும் ஆசை வரும். அந்தச் சட்டம் தட்டையான பரப்பில் உட்கார வேண்டியது. உங்கள் டெக்கோ வளைவானது. நடுவே ஒரு சமன் செய்யும் சட்டம் கட்டாமல் போல்ட்டை முறுக்கினால் சட்டம் முறுகும், கண்ணாடி வெடிக்கும், தண்ணீரும் ஒழுகும்.

எதைச் செய்தாலும் பழைய மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். அளவுக்கும் வளைவுக்கும் அதுதான் சாட்சி.

வாங்க வேண்டியவை

எபாக்ஸி ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும், அழுத்தி அளந்தெடுக்கும் பம்புகளோடு. பாலியஸ்டர் ரெசின் மலிவு, படகு முதலில் கட்டப்பட்டதும் அதில்தான். ஆனால் காய்ந்துபோன பழைய ஃபைபர் மேல் ஒட்டுவதில் எபாக்ஸிக்கு அது ஈடாகாது. ஒட்டு வேலைக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

துணியில் ஒரு கவனம் தேவை. கடையில் சுருளாகக் கிடைக்கும் சாதாரண ஃபைபர் ‘மேட்’ விரிப்பில் இழைகளைப் பிடித்துவைக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்யப்பட்டது. எபாக்ஸியில் அது கரையாது, மேட் விறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் இழைகள் இரண்டு திசையில் ஓடும், தைத்த பயாக்ஸியல் துணி வாங்குங்கள். 1708 என்று கேட்டால் கொடுப்பார்கள். கையால் போடும்போது ஓர் அடுக்கு சுமார் 1 மி.மீ. வரும். வளைந்த மூலைகளுக்கு மட்டும் 6 அவுன்ஸ் நெய்த துணி கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள், அது படிந்து கொடுக்கும்.

கூடவே எபாக்ஸியைக் கெட்டியாக்க சிலிக்காப் பொடி, பட்டி பார்க்க மைக்ரோபலூன் பொடி, அசிட்டோன், மெழுகு நீக்கும் திரவம், 40, 80, 120 நம்பர் உப்புத்தாள், நைட்ரைல் கையுறை, கண்ணாடி. முகமூடி சாதாரணத் துணி அல்ல. தூசுக்கும் ரசாயன ஆவிக்கும் சேர்த்து வடிகட்டி உள்ள ரப்பர் முகமூடி. முழுக்கைச் சட்டை போடுங்கள். ஃபைபர் தூசு தோலில் ஏறினால் இரவு முழுக்க அரிக்கும். குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், சொறியாதீர்கள். கையில் பட்ட எபாக்ஸியை அசிட்டோனால் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ரெசினைக் கரைத்துத் தோலுக்குள்ளேயே ஏற்றிவிடும். நன்றாகத் துடைத்து, சோப்பால் கழுவினால் போதும்.

வளைவைக் கைவிடாதீர்கள்

இந்த வேலையில் மிக முக்கியமான கட்டம் இதுதான், பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

உடைந்த மூடி தொளதொளவென்று ஆகியிருக்கும். அதைக் கழற்றித் தட்டையான மேசை மேல் வைத்து ஃபைபர் போட்டால், காய்ந்த பிறகு மேசையின் வடிவத்தில் தட்டையாக எழுந்து வரும். படகில் வைத்தால் இரண்டு பக்கமும் தூக்கி நிற்கும். எவ்வளவு ரப்பர் வைத்தாலும் அடையாது.

ஆகவே கழற்றுவதற்கு முன்பே, மூடியை அதன் இடத்தில் சரியாக உட்காரவைத்து, மணல் மூட்டையோ செங்கல்லோ வைத்து அமுக்குங்கள். டெக்கின் வளைவோடு அது படிந்ததும், மேல்பக்கத்தில் குறுக்கே நாலைந்து மரச்சட்டங்களைச் சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டுங்கள். சட்டத்தின் அடிப்பக்கத்தை வளைவுக்கு ஏற்பச் செதுக்கி ஒட்டினால் இன்னும் உறுதி. துண்டாகப் பிரிந்த பாகங்களையும் இப்படியே கோத்துவிடலாம். பசை இறுகியதும் சட்டங்களோடு சேர்த்து மூடியைக் கழற்றிக் கவிழ்த்துப் போடுங்கள். இனி அதன் வடிவம் மாறாது. வேலை முடிந்ததும் சட்டத்தைத் தட்டினால் வந்துவிடும்.

திறப்பை ஒரு பிளைவுட் பலகையும் தார்ப்பாயும் போட்டு மூடுங்கள். வேலை நீங்கள் நினைத்ததைவிட ஒரு வாரம் கூடத்தான் இழுக்கும்.

சுத்தம், பிறகு தேய்ப்பு

வரிசை மாறக்கூடாது. முதலில் சோப்புத்தண்ணீர், காய்ந்ததும் மெழுகு நீக்கி, அதன் பிறகுதான் உப்புத்தாள். முன்பே தேய்த்தால், பழைய மெழுகும் சிலிகானும் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ரெசின் ஒட்டாது.

உட்பக்கத்திலிருந்து 40 நம்பர் தாளால் விரிசலை நோக்கிச் சரிவாகத் தேய்த்து இறக்குங்கள். தடிமனுக்கு 12 பங்கு சரிவு என்பது வழக்கம். தோல் 3 மி.மீ. என்றால் விரிசலின் இருபக்கமும் 36 மி.மீ. அகலத்துக்குச் சரிவு. ஒட்டும் பரப்பு அகலமாக ஆக, இழுவிசை பரவும். உள்ளே வெள்ளையாக, இழைகள் தளர்ந்து தெரிந்தால் கெட்டியான ஃபைபர் வரும்வரை எடுத்துவிடுங்கள். மேல்பக்க ஜெல்கோட் வரைக்கும் போகாமல் ஒரு மெல்லிய தகடு மிஞ்சினால் நல்லது, அதுவே அச்சாக நிற்கும். ஓட்டையே விழுந்துவிட்டால் வெளிப்பக்கம் மெழுகு பூசிய வளையும் பிளாஸ்டிக் தகட்டை டேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நடுமரம் அழுகியிருந்தால், உட்தோலை விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் விட்டு வெட்டி மூடி போல எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஈரமானதை எல்லாம் சுரண்டி எறியுங்கள். மேலாகக் காய்ந்திருக்கிறதே என்று அரைகுறையாக விடாதீர்கள். நிழலில் மின்விசிறி வைத்து சில நாள் உலரவிட்டு, புதிய பால்சாவையோ மரைன் பிளைவுட்டையோ வெட்டுங்கள். பிளைவுட் வளையாவிட்டால் ஒரு பக்கம் பாதி ஆழத்துக்கு இணையாக ரம்பக் கோடுகள் போடுங்கள், பணிந்து வரும். வெறும் எபாக்ஸியை மரத்தில் நன்றாக ஊறப் பூசி, அதன் மேல் சிலிக்கா கலந்த கெட்டி எபாக்ஸி தடவி உட்காரவையுங்கள். பாலித்தீன் விரித்து மணல் பைகளை ஏற்றுங்கள். எடுத்து வைத்த பழைய தோலையும் தேய்த்து அப்படியே மேலே ஒட்டலாம்.

துணி போடுதல்

துணியை முன்கூட்டியே வெட்டி அடுக்கிவிடுங்கள். முதல் துண்டு சரிவு முழுவதையும் மூடும் அளவு, அடுத்தவை ஒவ்வொன்றும் கொஞ்சம் சிறியவை. சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகிறவர்களும் உண்டு. இரண்டும் நிற்கும், சண்டை வேண்டாம்.

கலவை விகிதம் ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். வெஸ்ட் சிஸ்டத்தின் 105 ரெசினும் 205 ஹார்டனரும் 5-க்கு 1. சீக்கிரம் காய ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றுவது பாலியஸ்டர் பழக்கம். எபாக்ஸியில் அப்படிச் செய்தால் காயவே காயாது. கோப்பையின் ஓரத்தையும் அடியையும் சுரண்டிச் சுரண்டி இரண்டு நிமிடம் கலக்குங்கள். 22 டிகிரி செல்சியஸில் 205 கோப்பையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் தாங்கும். மெதுவாக இறுகும் 206 ஹார்டனர் இருபது, இருபத்தைந்து நிமிடம் தரும். முதல்முறை செய்கிறவர்கள் 206 வாங்குங்கள். நிறையக் கலந்து ஒரே கோப்பையில் வைத்திருந்தால் தானே சூடேறிப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

சரிவில் வெறும் எபாக்ஸி பூசுங்கள், துணியை வையுங்கள், பிரஷ்ஷால் குத்தி நனையுங்கள், ரோலரால் காற்றை வெளியேற்றுங்கள். நனைந்த துணி கண்ணாடி போலத் தெளியும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்று. எல்லா அடுக்குகளையும் ஒரே மூச்சில் போடுங்கள். கடைசியில் பீல் பிளை என்ற நைலான் துணியைப் போர்த்தினால், காய்ந்தபின் உரிக்கும்போது தேய்க்கும் வேலை பாதி குறையும்.

மேல்பக்கம்

காய்ந்த எபாக்ஸி மேல் மெழுகு போன்ற ஒரு பிசுபிசுப்பு படியலாம். தண்ணீரும் சொரசொரப்பான ஸ்பான்ஜும் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

மூடியைத் திருப்பி, சட்டங்களை எடுத்துவிட்டு, வெளி விரிசலை வி வடிவத்தில் லேசாகத் திறந்து, மைக்ரோபலூன் கலந்த எபாக்ஸியால் பட்டி பாருங்கள். மைக்ரோபலூன் தேய்க்க மிருதுவானது, பலம் கிடையாது. ஸ்க்ரூ ஓட்டைகளில் அதைப் போடவே கூடாது.

அடுத்து ஜெல்கோட்டா பெயின்ட்டா? புதியவர்களுக்கு நான் பெயின்ட்தான் சொல்வேன். வெயிலில் பழுத்த வெள்ளைக்கு நிறம் சேர்ப்பது தனிக்கலை. போதாததற்கு, சரியாகக் காயாத, கழுவாத எபாக்ஸி மேல் ஜெல்கோட் பிடிக்காது. எபாக்ஸிக்கு வெயில் ஆகாது என்பதால் ஏதாவது பூசியே ஆக வேண்டும். பிரைமர் அடித்து, பிரைட்சைட் போன்ற படகு பாலியூரிதேன் இரண்டு கோட் போதும். கால் படும் இடத்தில் வழுக்காமல் இருந்த பழைய அச்சு தேய்ப்பில் போயிருக்கும். அங்கே கிவிகிரிப் மாதிரி சொரசொரப்பான பூச்சை ரோலரால் உருட்டுங்கள்.

திரும்ப மாட்டுதல்

பழைய ஸ்க்ரூ ஓட்டைகளை அப்படியே பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொன்றையும் இரு மடங்கு பெரிதாகக் குடைந்து, சிலிக்கா கலந்த எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்தபின் நடுவில் சரியான அளவில் துளையிடுங்கள். இனி தண்ணீர் இறங்கினாலும் நடுமரத்தைத் தொடாது. ஸ்க்ரூவுக்குப் பதில் முடிந்த இடத்திலெல்லாம் துருப்பிடிக்காத போல்ட், உள்ளே அகலமான வாஷர், நைலான் லாக் நட்டு. கீலின் அடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ப்யூட்டைல் டேப் வைத்து, ஒரே நாளில் முறுக்கி முடிக்காமல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சிலிகான் வேண்டவே வேண்டாம். அது பட்ட இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது.

ரப்பர் பட்டை ஒட்டுவதற்கு முன், வரப்பின் விளிம்பு முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்து, ரப்பரை உள்ளே தற்காலிகமாக வைத்து மூடிப் பாருங்கள். சாக் படாத இடத்தில் ரப்பர் தொடவில்லை. அங்கே மட்டும் தடிமன் கூட்டுங்கள். தோட்டத்துக் குழாயால் தண்ணீர் அடிக்கும்போது ஒருவர் உள்ளே டார்ச்சோடு படுத்துப் பார்க்கட்டும். குழாயை நேரே பீய்ச்சாமல், மழை போல மேலிருந்து விழவையுங்கள். ஒழுகினால் முதலில் மூலைகளைப் பாருங்கள்.

எபாக்ஸி முழு பலம் பெற ஒரு வாரம் விட்டுவிட்டு டிரெய்லரைக் கிளப்புங்கள். சாலையில் தாழ்ப்பாளை மட்டும் நம்பாமல் மூடியின் குறுக்கே ஒரு பட்டையும் போட்டு இழுங்கள். படகுத் துறையில் மாஸ்ட் நிமிர்த்த உதவிக்கு வருகிறவரிடம், எங்கே நிற்கலாம், எங்கே கால் வைக்கக் கூடாது என்று கயிற்றைக் கையில் கொடுப்பதற்கு முன்பே காட்டிவிடுங்கள்.